ஆழச் சுரங்கத்தில் தண்ணீர் பாறையை என்ன செய்கிறது? டெல்டாக்காரர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கொள்ளிடத்தின் தென்கரையில் ஒரு சிற்றூரில் பிறந்தவன் நான். பிழைப்புக்குப் போன இடம் வடக்கே நிலக்கரிச் சுரங்கங்கள். அங்கே என் வேலை தண்ணீரைக் கவனிப்பது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்பார்கள். நிலவியல் படிக்கிற பிள்ளைகள் போனில் கேட்பார்கள். 2023-ல் நிலக்கரிச் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது பயந்துபோய்க் கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

டெல்டாவில் ஆழச் சுரங்கமே கிடையாதே. இதை நாங்கள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

கொள்ளிடத்தைத் தாண்டிக் கொஞ்சம் வடக்கே போனால் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரி எடுப்பவர்கள் முதலில் சமாளிக்க வேண்டியது நிலத்தடித் தண்ணீரை. மன்னார்குடி வட்டாரத்தில் பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி படிந்திருக்கிறது என்பது நீண்ட நாளாகத் தெரிந்த சேதி. 2023 ஏப்ரலில் தஞ்சாவூர் மாவட்டத்து வடசேரி, அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டத்தில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே ஒரு பகுதி ஆகிய மூன்றும் ஒன்றிய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் வந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கப்பட்டன. அப்போது ஊரில் நடந்த கூட்டங்களில் எல்லோரும் நிலம் போகும் என்றுதான் பேசினார்கள். நிலத்துக்கு அடியில் இருக்கிற தண்ணீரின் அழுத்தத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்கு அதுதான் உறுத்தியது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வெள்ள காலத்தில் கரை காத்த குடும்பங்களுக்கு இந்த விஷயத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். போகப்போகச் சொல்கிறேன்.

நீரழுத்தம் என்று சொல்கிறீர்களே, எவ்வளவு இருக்கும்?

10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 1 கிலோ அழுத்தம். மோட்டார் கடையில் "எத்தனை கிலோ பிரஷர்" என்று கேட்கிறார்களே, அதே கிலோதான். மேட்டூர் அணை 120 அடி நிரம்பி நிற்கும்போது அடியில் சுமார் 3.7 கிலோ. இப்போது 500 மீட்டர் ஆழத்தில் ஒரு சுரங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள பாறையின் விரிசல்களில் தரைமட்டம் வரை தண்ணீர் நிறைந்திருந்தால் அங்கே 50 கிலோ. நிரம்பிய மேட்டூரின் அடியில் இருப்பதைப்போல் பதின்மூன்று மடங்குக்கு மேல். ஒரு வீட்டுக் கதவின் அளவுள்ள சுவரில் அதைக் கணக்குப் போட்டால் 1,000 டன் வரும்.

கேட்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது ஓர் இடத்தில். "அவ்வளவு அழுத்தம் வர ஏரி அளவு தண்ணீர் வேண்டுமே?" என்பார்கள். வேண்டாம். அழுத்தத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் உயரம் மட்டும்தான். விரல் நுழையாத ஒரு விரிசல் 500 மீட்டருக்கு மேலே போய் நின்றாலும், அடியில் அதே 50 கிலோதான். எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது, உடைப்பெடுத்த பிறகு எத்தனை நேரம் பாயும் என்பதைத்தான் சொல்லும்.

"தம்பி, பாறை தண்ணீரைப்போல இரண்டரை மடங்கு கனம். மேலே கிடக்கிற பாறை அழுத்தும்போது தண்ணீர் என்ன செய்துவிடும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

ஐயா கேட்டதுதான் இந்தத் துறையின் அடிப்படைக் கேள்வி. 500 மீட்டர் பாறையின் எடை அந்த ஆழத்தில் சுமார் 130 கிலோ அழுத்தம் தரும். தண்ணீர் 50. எனவே தண்ணீர் தோற்றுவிடும் என்று தோன்றும். ஆனால் விரிசலின் இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்து வைத்திருப்பது முழு 130 கிலோவும் இல்லை. உள்ளே நிற்கும் தண்ணீர் இரண்டு முகங்களையும் வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. 130-ல் 50 கழிந்து, மிச்சம் 80 கிலோ பிடிப்புதான் பாறைக்கு இருக்கிறது. 1920-களில் கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர் மண்ணுக்குச் சொன்ன கணக்கு இது. விரிசல் விட்ட பாறைக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது.

கரையில் இதைப் பார்த்திருப்பீர்கள். கொள்ளிடத்தில் வெள்ளம் கரை தொட்டு ஓடும்போது, கரைக்கு வெளியே வயல் பக்கம் அடிவாரத்தில் திடீரென்று தண்ணீர் மணலோடு பொங்கும். மணல் அங்கே கொதிக்கிற மாதிரி இருக்கும். காலை வைத்தால் உள்ளே போகும். அதே மணல் முந்தின நாள் மாட்டு வண்டியைத் தாங்கியிருக்கும். மணலின் எடை குறைந்துவிடவில்லை. கீழிருந்து ஏறும் நீரழுத்தம் மணல்துகள்களுக்கு இடையே இருந்த பிடிப்பு முழுவதையும் தின்றுவிட்டது. பெரியவர்கள் அந்த இடத்தை அடைக்க மாட்டார்கள். சுற்றி மூட்டை அடுக்கி வட்டமாகக் கட்டி, தண்ணீரை உள்ளேயே உயர விடுவார்கள். வட்டத்துக்குள் தண்ணீர் உயர உயர, பொங்குவது அடங்கும். எதிர் அழுத்தம் கொடுத்து மணலின் பிடிப்பைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று பிற்பாடு படிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

சுரங்கத்தில் நிலைமை இன்னும் மோசம். நாம் ஒரு பாதை வெட்டியவுடன், அந்தச் சுவரை உள்பக்கமாகத் தாங்கிக்கொண்டிருந்த பாறை போய்விடுகிறது. சுவரருகே ஒரு திசையில் பாறையின் நெருக்கம் கிட்டத்தட்ட இல்லாமல் ஆகிறது. பின்னாலிருக்கும் தண்ணீரோ உடனே வடிவதில்லை. இரண்டு மூன்று மீட்டர் உள்ளே அது பழைய 50 கிலோவோடு நிற்கலாம். முன்பக்கம் வெறும் காற்று, பின்பக்கம் 50 கிலோ. ஆழச் சுரங்கத்து நீர் விபத்துகள் பலவற்றின் வேர் இந்த ஓரிரு மீட்டர் பாறையில் இருக்கிறது.

விரிசல் எப்படி நீளுகிறது? தண்ணீர் கல்லைப் பிளக்குமா?

கல்லை அமுக்கி உடைப்பது கடினம், இழுத்துப் பிளப்பது எளிது. கல்லுடைக்கிறவர்கள் இதை அறிந்தவர்கள். டெல்டாவில் கல் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. ஆனால் புதுக்கோட்டைப் பக்கம் பழைய கற்பாறைகளில் வரிசையாக உளிக்குழிகளைப் பார்க்கலாம். அந்தக் குழிகளில் ஆப்பு வைத்து அடிப்பார்கள். கல் அந்த வரிசை நெடுகப் பிளக்கும்.

விரிசலுக்குள் நிற்கும் தண்ணீரும் ஆப்புதான். ஆனால் இரும்பு ஆப்பு வைத்த இடத்தில் மட்டும் தள்ளும். தண்ணீர் விரிசலின் நுனிவரை போய்த் தள்ளும். நுனியில்தான் எல்லா இழுவிசையும் குவிகிறது என்பதை 1921-ல் கிரிஃபித் என்ற பொறியாளர் கண்ணாடியில் சோதித்துக் காட்டினார். விரிசல் நீளமாக இருந்தால் நுனியில் குவியும் விசையும் அதிகம். எனவே சின்ன விரிசலை நகர்த்த முடியாத அதே அழுத்தம், ஏற்கெனவே நீண்டுவிட்ட விரிசலை நகர்த்திவிடும். அதனால்தான் சிறிய விரிசலிலேயே கண் வைக்கச் சொல்கிறோம்.

தண்ணீர் தள்ளுவதோடு நிற்பதில்லை. விரிசல் நுனியில் இழுபட்டு நிற்கும் சிலிக்கா பிணைப்புகளை நீரின் மூலக்கூறுகள் மெல்ல அறுக்கும். காய்ந்த கல் தாங்குகிற சுமையை ஈரக் கல் பல மாதங்கள் தாங்கிவிட்டு ஒரு நாள் விட்டுவிடும். களிமண் கலந்த பாறையாக இருந்தால் சொல்லவே வேண்டாம், ஊறி மாவாகிவிடும்.

சிறிய விரிசல் வழியாக எவ்வளவு தண்ணீர் வந்துவிடும்?

விரிசலின் அகலம் இரட்டிப்பானால் தண்ணீர் இரண்டு மடங்கு வராது, எட்டு மடங்கு வரும். அகலத்தின் மும்மடிக்கு ஏற்பப் பாய்ச்சல் கூடும். கால் மில்லிமீட்டர் விரிசல் அரை மில்லிமீட்டர் ஆனால் எட்டு மடங்கு, இரண்டரை மில்லிமீட்டர் ஆனால் ஆயிரம் மடங்கு.

கோடையில் வெடித்துக் கிடக்கும் வயலுக்கு முதல் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது புதிதல்ல. வாய்க்காலில் வருகிற தண்ணீர் எங்கே போகிறதென்றே தெரியாமல் வெடிப்புகளுக்குள் மறையும். மண் ஊறி வெடிப்பு மூடிய பிறகுதான் மேலே நிற்கும். மண்ணின் துளைகள் வழியாக இறங்கியிருந்தால் அவ்வளவு தண்ணீர் போயிருக்காது.

வயலில் ஒரு நன்மை உண்டு, களிமண் ஊறி வெடிப்பை மூடிவிடும். கடினப் பாறையில் நேர்மாறு. தண்ணீர் நுழைந்தால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் விரிசல் அகலும். அகன்றால் எட்டு மடங்கு, இருபத்தேழு மடங்கு என்று தண்ணீர் வரும். விரிசலில் இருந்த மண்ணும் சிதைந்த பாறைத்தூளும் அரித்துக்கொண்டு போகும். எலிவளையில் தொடங்கிக் கரை உடைப்பில் முடிகிற அதே வரிசை.

சுரங்கத்தின் கூரைக்கு மேலேயிருந்து வருவது புரிகிறது. தளத்துக்குக் கீழேயிருந்து எப்படித் தண்ணீர் வரும்?

இதற்கு உலகத்துக்கே பாடம் நெய்வேலி. அது ஆழச் சுரங்கமில்லை, திறந்தவெளிச் சுரங்கம். ஆனால் இயற்பியல் ஒன்றே. 1957-ல் அங்கே மண் எடுக்கத் தொடங்கினார்கள். பழுப்பு நிலக்கரியைக் கண்ணால் பார்க்க 1961 ஆகிவிட்டது. இடையில் நடந்தது பெரும்பாலும் கடினமான மண்ணோடும் தண்ணீரோடும் மல்லுக்கட்டு. நிலக்கரி அடுக்குக்குக் கீழே மணல் அடுக்கில் அழுத்தம் ஏறிய நீர் இருக்கிறது. மேல்நோக்கி அது தள்ளும் அழுத்தம் 6 முதல் 8 கிலோ.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலே 80 மீட்டர் மண் இருக்கும்வரை கீழ்நோக்கி அழுத்துவது சுமார் 16 கிலோ. தண்ணீர் தள்ளும் 7 கிலோ அதற்கு முன் ஒன்றுமில்லை. இப்போது மேல்மண்ணை அள்ளிவிட்டோம். மிச்சமிருப்பது 15 மீட்டர் நிலக்கரியும் அதன் கீழ் 5 மீட்டர் களிமண்ணும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பு நிலக்கரி எடை குறைந்தது, தண்ணீரை விடக் கொஞ்சம்தான் கனம். இரண்டும் சேர்ந்து கீழ்நோக்கி மூன்று கிலோவைத் தொடாது. கீழேயிருந்து 7 கிலோ தள்ளுகிறது. தளம் அப்படியே உப்பி வெடிக்கும். எனவே மண்ணை அள்ளுவதற்கு முன்பே சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, இரவு பகலாக இறைத்து, அந்த அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். நெய்வேலியில் நிலக்கரி எடுக்கும் காலம் முழுவதும் பம்புகள் நிற்கக் கூடாது.

ஆழச் சுரங்கங்களில் இதே கதை இன்னும் பெரிய எண்களோடு நடக்கிறது. வட சீனாவில் நிலக்கரி அடுக்குகளுக்குக் கீழே குகைகளும் துளைகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல் இருக்கிறது. 1984 ஜூன் 2 அன்று கைலுவான் வட்டாரத்து ஃபான்கேசுவாங் சுரங்கத்தில் அந்தச் சுண்ணாம்புக்கல்லின் நீர், இடிந்த ஒரு தூண் போன்ற பகுதி வழியாக மேலே வந்தது. உச்சத்தில் நிமிடத்துக்கு 2,053 கனமீட்டர். நம் ஊர்க் கணக்கில் வினாடிக்கு சுமார் 1,200 கன அடி. வாய்க்கால் மதகில் ஆயிரம் கன அடி திறந்தால் எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். அது பூமிக்குள், மனிதர்கள் நிற்கிற பாதையில்.

சீனப் பொறியாளர்கள் எளிய ஒரு விதி வைத்திருக்கிறார்கள். கீழேயுள்ள நீரின் அழுத்தத்தைத் தளத்துப் பாறையின் தடிமனால் வகுத்துப் பார்ப்பார்கள். உடைந்து குழம்பிய பாறையாக இருந்தால் மீட்டருக்கு 0.6 கிலோவைத் தாண்டக் கூடாது, முழுமையான பாறையாக இருந்தால் 1 கிலோவைத் தாண்டக் கூடாது. 30 கிலோ அழுத்தம், 50 மீட்டர் பாறை என்றால் 0.6 வரும். உடைந்த பாறையில் அது விளிம்பு. எனக்கு இந்த விதி பிடிக்கும், ஆனால் முழுக்க நம்ப மாட்டேன். 50 மீட்டர் பாறையில் ஒரே ஒரு பிறழ்வுக் கோடு (பாறை உடைந்து ஒரு பக்கம் நகர்ந்த தடம்) ஓடினால் அந்த 50-க்கு அர்த்தமில்லை. மேலும் சுரங்கம் தோண்டும்போதே தளத்தின் மேற்பகுதி பல மீட்டர் ஆழத்துக்கு நொறுங்கிவிடுகிறது. அதைக் கழித்துவிட்டுத்தான் எண்ண வேண்டும்.

இந்தியாவில் இப்படி நடந்திருக்கிறதா?

நம் நாட்டில் அதிக உயிர்களைக் கொன்றது, கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களில் தேங்கிய தண்ணீர். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலாவில் மேலே தேங்கியிருந்த தண்ணீர் இடைப்பாறையை உடைத்துக்கொண்டு இறங்கியது. இறந்தவர்கள் 370-க்கும் மேல். 1989 நவம்பர் 13 அன்று மேற்கு வங்காளத்து ராணிகஞ்ச் பகுதி மகாபீர் சுரங்கத்தில் வெடி வைத்தபோது பக்கத்துப் பழைய சுரங்கத்தின் நீர் புகுந்தது. அங்கே ஜஸ்வந்த் சிங் கில் என்ற பொறியாளர் மேலிருந்து துளை போட்டு, இரும்புக் கூண்டு ஒன்றைச் செய்து இறக்கி, தானே உள்ளே போய் 65 பேரை ஒவ்வொருவராக மேலே அனுப்பினார். ஆறு பேர் இறந்தார்கள். 2001 பிப்ரவரியில் ஜாரியா நிலக்கரிப் பகுதியின் பாக்டிகி சுரங்கத்தில் 29 பேர்.

மூன்றிலும் பழைய தண்ணீர் எங்கே நிற்கிறது, இடையில் எவ்வளவு பாறை இருக்கிறது என்பதே கேள்வி. பழைய வரைபடம் ஒன்று சொல்லும், பூமிக்குள் வேறொன்று இருக்கும். இந்திய நிலக்கரிச் சுரங்க விதிகளின்படி, தண்ணீர் தேங்கியிருக்கக்கூடிய பழைய வேலைத்தளத்துக்கு 60 மீட்டருக்குள் போக முன் அனுமதி வேண்டும், முன்னால் துளை போட்டுப் பார்த்துக்கொண்டேதான் நகர வேண்டும். அந்த 60 மீட்டரைக் காகித விதியாக நினைப்பவர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். இனியும் போடுவேன்.

கோலார் தங்கவயல் மூன்று கிலோமீட்டர் ஆழமாச்சே. அங்கே தண்ணீர் வெள்ளமாக வந்திருக்க வேண்டுமே?

வரவில்லை. கோலாரில் ஆள் கொன்றது முக்கியமாக ராக் பர்ஸ்ட், அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவது. அந்த ஆழத்தில் விரிசல்களைப் பாறையின் எடையே இறுக மூடிவிடும். பெரும்பாலான கடினப்பாறைச் சுரங்கங்களில் மேல் சில நூறு மீட்டரில் வரும் தண்ணீர்தான் அதிகம். 2001-ல் மூடிய பிறகு, இறைப்பது நின்றுபோய் அந்தப் பாதைகளில் தண்ணீர் ஏறிவிட்டது. அங்கே இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்தக் குழிகளுக்கு மேலேதான் குடியிருக்கிறார்கள்.

தண்ணீர் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

பல சமயம் தெரியும். சுவர் வேர்க்கும். காய்ந்திருந்த இடத்தில் சொட்டு விழும். தளம் உப்பும், தண்டவாளம் வளையும். காற்று குளிரும். பாறைக்குள் முனகல் கேட்கும். எல்லாவற்றையும் விட நான் மதிக்கிற அறிகுறி கலங்கல். கசிவு தெளிவாக இருந்தால் தண்ணீர் மட்டும் வருகிறது. கலங்கினால் பாறையின் உள்ளிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வருகிறது, வழி அகலமாகிறது என்று பொருள். என் தாத்தா வெள்ள இரவுகளில் அரிக்கேன் விளக்கோடு கரையில் நடப்பார். கசிவு கண்ட இடத்தில் உள்ளங்கையில் ஏந்தி விளக்கடியில் பார்ப்பார். தெளிந்திருந்தால் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்துவிட்டுப் போவார். கலங்கியிருந்தால் ஊரை எழுப்புவார். நான் சுரங்கத்தில் செய்ததும் அதுதான். என்னிடம் கண்ணாடிக் குப்பி இருந்தது, அவ்வளவே வித்தியாசம்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் இருந்த ஒரு சுரங்கத்தில் தளத்துக்குக் கீழே அழுத்தம் பார்க்கும் மானி ஒன்று இரண்டே நாளில் 4 கிலோ இறங்கியது. அழுத்தம் குறைந்தால் நல்லதுதானே என்று சந்தோஷமாகக் குறிப்பேட்டில் எழுதினேன். மூத்தவர் ஒருவர் படித்துவிட்டு, "பம்பு ஏதாவது கூட்டினார்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை. பம்பு மாறாமல் அழுத்தம் இறங்கியிருந்தால், தண்ணீர் எங்கோ புதிதாக வழி கண்டுபிடித்துப் போய்க்கொண்டிருக்கிறது. அன்றே அந்தப் பகுதியிலிருந்து ஆட்களை வெளியேற்றினார்கள். ஐந்தாம் நாள் தளம் பிளந்து தண்ணீர் வந்தது. யாரும் அங்கே இல்லை. அந்தக் குறிப்பேட்டின் பக்கம் இன்னும் எனக்கு மனப்பாடம்.

எப்படித் தடுக்கிறார்கள்?

முதல் வழி, முன்கூட்டியே வடிப்பது. தோண்டும் முகப்புக்கு முன்னால் நீளத் துளை போட்டு, வாயில் வால்வு மாட்டி, அழுத்தத்தை மெல்ல இறக்குவார்கள். அவசரப்பட்டால் துளையே உடைப்பாகிவிடும்.

இரண்டாவது, அடைப்பது. துளை வழியாகச் சிமெண்ட் பாலை அழுத்தி விரிசல்களை நிரப்புவார்கள். அதற்கு முன் பாறை எவ்வளவு குடிக்கும் என்று சோதிக்க வேண்டும். துளையின் ஒரு பகுதியை இரு பக்கமும் ரப்பர் அடைப்பானால் மூடி, 10 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் செலுத்துவார்கள். ஒரு மீட்டருக்கு நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போனால் அது ஒரு லூஜான். 1933-ல் சுவிட்சர்லாந்து நிலவியலாளர் லூஜான் கொண்டுவந்த அளவு இது, அணை கட்டுகிறவர்களும் இதையேதான் பயன்படுத்துகிறார்கள். அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, பிறகு படிப்படியாக இறக்குவது முக்கியம். இறங்கும்போது பாறை ஏறும்போது குடித்ததை விட அதிகம் குடித்தால், நம் சோதனையே விரிசலை அகட்டிவிட்டது.

மூன்றாவது, விட்டுவைப்பது. தண்ணீருக்கும் நமக்கும் நடுவே நிலக்கரியைத் தோண்டாமல் தடுப்பாக விடுவது. காசுக்கணக்கு பார்ப்பவர்களுக்கு இது உறுத்தும். ஆட்களைக் கீழே அனுப்புகிறவர்களுக்கு உறுத்தாது.

பாறைக்குள் தண்ணீரை அழுத்தி எண்ணெய் எடுப்பது என்கிறார்களே, அதுவும் இதேதானா?

இயற்பியல் அதேதான், நோக்கம் மட்டும் எதிர். சுரங்கத்தில் தவறி நடப்பதை அங்கே வேண்டுமென்றே செய்கிறார்கள். பாறையை நெருக்கும் அழுத்தங்களில் மிகக் குறைந்த திசையை விட நீரழுத்தம் அதிகமானால், அந்தத் திசைக்குக் குறுக்கே பாறை திறக்கும். டெல்டாவின் எல்லா எண்ணெய்க் கிணறுகளிலும் இப்படிச் செய்வதாக நினைக்கக் கூடாது. பலவற்றில் மணற்கல்லின் துளைகளிலிருந்தே எண்ணெய் வருகிறது. சீர்காழிப் பக்கம் மாதானத்தில் ஆழத்தில் கிடக்கும் கடினப் பாறையின் இயற்கை விரிசல்களிலிருந்தும் எண்ணெய் கிடைத்திருக்கிறது. திருச்சி மலைக்கோட்டையாக மேலே தெரிகிற அடித்தளப் பாறை, கிழக்கே போகப்போகக் கீழே இறங்கி டெல்டாவுக்கு அடியில் சில கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.

அழுத்தித் தண்ணீர் செலுத்துவதில் நில அதிர்வு பற்றிய அச்சம் கற்பனை இல்லை. அமெரிக்காவில் டென்வர் அருகே 1962 முதல் 1966 வரை ஆழ்கிணற்றில் கழிவுநீர் செலுத்தினார்கள். அடுத்தடுத்து நில அதிர்வுகள் வந்தன, நிறுத்திய மறுவருடம்தான் மிகப் பெரியவை வந்தன. தண்ணீரைச் செலுத்துவதை நிறுத்தினாலும் அழுத்தம் பாறைக்குள் பரவிக்கொண்டே இருக்கும். பழைய பிறழ்வுக் கோட்டின் பிடிப்பை அது தளர்த்தினால் பாறை வழுக்கும். 1967-ல் மகாராஷ்டிரத்துக் கொய்னாவில் அணை நிரம்பிய பகுதியில் வந்த நிலநடுக்கத்துக்கும் இதே விளக்கம் தரப்படுகிறது.

சுரங்கத்தில் இவ்வளவு இறைத்தால் எங்கள் போர்வெல் என்ன ஆகும்?

எல்லோருக்கும் முக்கியமான கேள்வி இது. ஒரு கிணற்றில் இறைத்தால் அதைச் சுற்றி நீரழுத்தம் கூம்பு போல இறங்கும். நூற்றுக்கணக்கில் இறைத்தால் அந்தக் கூம்புகள் சேர்ந்து பல கிலோமீட்டர் விரியும். இறைக்கப்படும் தண்ணீரை ஏரியில் விட்டுவிடுகிறோம், வீணாகவில்லை என்று சொல்வார்கள். ஏரிக்குப் போகிற தண்ணீர் கீழேயுள்ள அடுக்கின் அழுத்தத்தைத் திருப்பித் தராது. அந்த அழுத்தம் திரும்ப வேண்டுமானால், மணல் அடுக்கு தரைக்கு வருகிற இடத்தில் மழை ஊற வேண்டும். தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் பக்கம் செம்மண் மேடாகத் தெரிகிறதே, கடலூர் மணற்கல், அது போன்ற இடங்களில். அங்கே கட்டடம் போட்டு மூடினால் கீழே குடிப்பவருக்குக் குறையும்.

இரண்டு ஆபத்துகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடலுக்குப் பக்கத்தில் நன்னீரின் அழுத்தம்தான் உப்புநீரைத் தள்ளி வைத்திருக்கிறது, அது இறங்கினால் உப்பு உள்ளே வரும். நாகப்பட்டினம், திருவாரூர்க் கடலோரத்தில் இதைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அடுத்தது நிலம் தாழ்வது. மேலே சொன்ன கழித்தல் கணக்கை நினைவில் கொள்ளுங்கள். நீரழுத்தத்தைக் குறைத்தால் மண்துகள்கள் மீது ஏறும் சுமை கூடும். பாறை அதைத் தாங்கும். களிமண் அடுக்கு நசுங்கும், நசுங்கியது மறுபடி முழுதாக எழாது. கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மட்டுமே உயரமுள்ள நிலத்தில், வாய்க்கால் சரிவெல்லாம் அங்குலக் கணக்கில் ஓடுகிற நிலத்தில், ஒரு அடி தாழ்ந்தாலும் வடிகால் எதிர்ப்பக்கம் ஓடும்.

மன்னார்குடி வட்டாரத்துப் பழுப்பு நிலக்கரி நெய்வேலியை விட ஆழத்தில் இருக்கிறது. ஆழம் கூடினால் குறைக்க வேண்டிய அழுத்தமும் கூடும், இறைக்க வேண்டிய காலமும் கூடும். சுரங்கத்தால் சோறு சாப்பிட்டவன் நான். இருந்தும் அந்த நிலக்கரி பூமிக்குள்ளேயே இருக்கட்டும் என்றுதான் சொல்வேன். 2020-ல் வந்த வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டத்தை வரவேற்றவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் ஊரில் யாராவது ஆய்வுத் துளை போட வந்தால் என்ன கேட்க வேண்டும்?

எத்தனை மீட்டர் போகப் போகிறீர்கள், எத்தனை நீரடுக்குகளைத் தாண்டுவீர்கள், ஒவ்வோர் அடுக்கிலும் நீர்மட்டம் எவ்வளவு என்று அளந்து எழுதித் தருவீர்களா என்று கேளுங்கள். முடிந்ததும் துளையை அடியிலிருந்து மேல்வரை சிமெண்ட் போட்டு அடைப்பீர்களா என்று கேளுங்கள், அடைக்கும்போது கூடவே நில்லுங்கள். நல்ல நீர் உள்ள அடுக்கையும் உவர்நீர் உள்ள அடுக்கையும் இணைக்க ஒரு துளை போதும். அழுத்தம் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குத் தண்ணீர் யாருக்கும் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஓடும். மேலே ஒரு மூடியைத் திருகிவிட்டு மண்ணைத் தள்ளி மூடிய துளைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்று உங்கள் வயலில் இருந்தால், இடத்தைக் கல் நட்டுக் குறித்து, ஊராட்சியில் எழுத்தில் கொடுத்து, மாவட்ட நிலத்தடி நீர் அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பக்கத்துப் போர்வெல் தண்ணீரை மாதம் ஒருமுறை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரிப்பு ஏறுகிறதா என்பதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.